காளியம்மாளின் தோடு

போன வாரம் பண்டாரவளையில் ஒரு கடைக்குள் நுழைந்தேன். அப்போதுதான் பினாயில் ஊற்றித் தரை கழுவியிருந்தார்கள். அந்த வாடை உங்களுக்கு ஆஸ்பத்திரியை நினைவூட்டும். எனக்கு, லுணுகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர் குடும்பங்கள் வரிசையாகக் குடியிருந்த கடைசி லயத்தை.

எழுபதுகளின் பஞ்ச காலம். அரிசியும் மாவும் கண்ணில் படாத நாட்கள். நான் தோட்டத்து மருந்துச்சாலையில் புது உதவியாள். கசப்பு மருந்தை யார் வாயிலும் ஊற்றிவிடும் வீரன்தான். பிணமென்றால் மட்டும் வாசலைத் தாண்டமாட்டேன்.

காளியம்மாள் இறந்த பிற்பகலில், மலையிலிருந்து இறங்கிய மூடுபனி அவளுடைய ஒற்றையறை லயக் காம்பராவுக்குள்ளேயே வந்துவிட்டது. ஒரே மகள் முந்தின வருடம், தோட்டத்து ஆட்களைத் திருப்பி அனுப்பிய ஒப்பந்தத்தில் கப்பலேறி இந்தியா போயிருந்தாள். என்ன நோயோ என்று பயந்து அண்டை அயலார் யாரும் கிட்டே வரவில்லை. கொழுந்துக் கூடையை இறக்கிவைத்துவிட்டு வந்தவள் மரியாயி ஒருத்திதான். புருஷனை இழந்து, மூன்று பிள்ளைகளோடு பட்டினி கிடந்தவள். நான் பினாயில் போத்தலோடு வாசலிலேயே நின்றுவிட்டேன்.

மரியாயி பிணத்தோடு பேசிக்கொண்டே கழுவினாள். "அக்கா, கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்க."

தலை திரும்பியது. அவள் கைதான் திருப்பியிருக்கும். ஆனால் பாதி திறந்திருந்த கண்களை எத்தனை முறை மூடினாலும் அவை மறுபடி திறந்துகொண்டன.

என் பின்னால் வந்து நின்ற, தோட்டத்து ஆட்களை வேலை வாங்கும் கங்காணி, பிணத்தின் காதிலிருந்த தங்கத் தோட்டைப் பார்த்தார்.

"மண்ணுக்குத்தானே போகப்போவுது. கழட்டிக்க மரியாயி. ஒம் புள்ளைங்க வயிறு நெறையும். நான் யார்கிட்டயும் மூச்சு விடமாட்டேன்."

நல்லெண்ணத்தில்தான் சொன்னார். மரியாயியின் கை நின்றது.

"மெதுவாப் பேசுங்கய்யா. அவுங்க கேட்டுக்கிட்டு இருக்காங்க."

"பொணம் கேக்குமா?"

"ஆண்டவர் கேக்குறாருல்ல. அந்தச் சோத்தத் தின்னா புள்ளைங்க ஒடம்பு தேறும். அப்புறம் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நான் அதுங்களுக்கு செபஞ் சொல்லிக்குடுக்குறது?"

தோட்டைக் கழற்றி, எங்கள் இருவருக்கும் காட்டித் துணியில் முடிந்தாள். செத்தவளின் காதருகே குனிந்து, "ஒங்க மககிட்ட சேத்துடுறேன்க்கா" என்றாள்.

கண்கள் மெல்ல மூடிக்கொண்டன. பிறகு திறக்கவேயில்லை.

தசை தளர்ந்திருக்கும் என்று மருந்துச்சாலையில் விளக்கினார்கள். நானும் தலையாட்டினேன். ஆனால் அந்தக் குளிரில், அந்த வாசலில் நின்றவன் நானல்லவா?

அடுத்த கப்பலுக்குப் போன குடும்பமொன்று தோட்டை மகளிடம் சேர்த்துவிட்டதாகத் தகவல் வந்தது. மரியாயியின் பிள்ளைகள் கீரையும் காட்டுக் கிழங்கும் தின்று அந்தப் பஞ்சத்தைத் தாண்டினார்கள். பின்னர் தாயோடு அவர்களும் கப்பலேறினார்கள்.

இன்று அந்த லயம் இல்லை. யூக்கலிப்டஸ் மரங்கள் நிற்கின்றன. மரியாயியைப் பற்றிக் கேட்டால், "எந்த மரியாயி?" என்கிறார்கள். காளியம்மாளைப் புதைத்த மேட்டைக் காட்டவும் அங்கே ஓர் ஆளில்லை.