சைலண்ட் மாப்பிள்ளை

பெண் கேட்டு வந்தவர்கள் ஷோபனாவின் அப்பாவிடம் முதலில் சொன்னது வேலையைப் பற்றியல்ல. "பையன் ரொம்ப சைலண்டுங்க" என்றார்கள். குடிக்க மாட்டான், கை நீட்ட மாட்டான், வம்புக்குப் போக மாட்டான் என்பதையெல்லாம் ஒரே வார்த்தையில் மடித்துக் கொடுத்துவிட்டார்கள். பூதலூர்க்காரரான அப்பாவுக்கு அது போதுமாயிருந்தது.

அந்த இங்கிலீஷ் வார்த்தை அவளோடேயே திருக்காட்டுப்பள்ளிக்குக் குடிவந்தது. வந்த இடத்தில் அதற்கு வேறு வேறு முகம். மாமியாரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாமல் அவள் தனி அடுப்படி கட்டிக்கொண்டபோது, "சைலண்டா இருந்தே சாதிச்சுட்டா பாரு" என்றாள் நாத்தனார். அங்கே அதற்குக் கள்ளம் என்று பொருள். சாப்பிட்டுச் சாய்ந்த மாமனார் சாய்ந்தபடியே போய்ச் சேர்ந்தபோது டாக்டர் "சைலண்ட் அட்டாக்" என்றார். அங்கே அது எமன். யாரிடமும் மூச்சு விடாமல் ஒருவர் நிலம் வாங்கிப் போட்டால் அதுவும் சைலண்டுதான். இத்தனைக்கும் தமிழில் தனித்தனிச் சொல் இருக்கிறது. ஜனங்களுக்கு அந்த ஒன்றே பழகிவிட்டது, எல்லாச் சட்டிக்கும் ஒரே மூடி போல.

கணவன் குணசேகரன் மட்டும் அவளிடம் அப்படி இருந்ததேயில்லை. ஓமனில், கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்கும் ஆலையில் பம்ப் ஹவுஸ் வேலை. வெள்ளிக்கிழமை தவறாமல் போன் வரும். என்ன குழம்பு என்று ஆரம்பித்தால், கூடத் தங்கியிருக்கும் மலையாளியின் குறட்டை வரைக்கும் நடித்துக் காட்டி அவளைச் சிரிக்க வைத்துவிட்டுத்தான் வைப்பார். ஏறக்குறைய இருபது வருஷம் அவர்கள் குடித்தனம் காதிலேயே நடந்தது. லீவில் வந்தால் வீடு நிறைய ஆட்கள். மொத்தமாக வந்தபிறகு பேசிக்கொள்ளலாம் என்று பல பேச்சுகளை அவள் ஒதுக்கி ஒதுக்கி வைத்துக்கொண்டே வந்தாள்.

சித்திரையில் மொத்தமாக வந்தார். வந்தவர் வாயையே திறக்கவில்லை.

"உப்பு சரியா இருக்கா?" என்று கேட்டால் சிரிப்பார். "தங்கச்சி வீட்டுல காதுகுத்து, போவணும்ல?" என்றாலும் அதே சிரிப்பு, ஒரு தலையாட்டல். பக்கத்து வீட்டு அமிர்தம் கேலி பண்ணினாள்: "சைலண்டுன்னு அன்னிக்கே சொன்னாங்கள்ல. சரக்கு இப்பதான்டி வந்து எறங்கியிருக்கு."

ஷோபனாவும் சிரித்து வைத்தாள். உள்ளே அரித்தது. அங்கே எவளாவது இருக்கிறாளா? தலை நரைத்த என்னைப் பார்த்து மனசு விட்டுப்போச்சா?

ஆனி பிறந்ததும் விசா ஏற்பாடு செய்யும் ஜாஃபர் சாதிக் கூப்பிட்டார். குணசேகரன் போனை எப்போதும் சத்தமாகத்தான் வைத்திருப்பார். அடுப்படி வரைக்கும் கேட்டது: "அண்ணே, அதே கம்பெனியில ஸ்டோர் வாட்ச்மேன். ஆடிக்குள்ள சொல்லிடுங்க."

"யோசிச்சு சொல்றேன் பாய்" என்றார். வேண்டாம் என்று சொல்லவில்லை.

அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. போயிடாதீங்க என்று சொல்லிவிடலாம். இருக்கப் பிடிக்காதவரை எந்த உரிமையில் நிறுத்துவது?

குறுவை நடவன்று டீ கேனோடு வரப்பில் வந்துகொண்டிருந்தாள். பாதி வழியில் மோட்டார் சத்தம் மாறியது. தண்ணீர் இழுக்கிற மோட்டார் நிதானமாக முனகும்; காற்றை இழுத்தால் கீச்சிடும். ஆற்றோரத்துப் பிள்ளைகளுக்கே இது தெரியும். வயலில் நடவுக்காரி கண்ணாத்தாள் நிமிர்ந்து கத்தினாள், "யம்மா, காத்து வாங்குதும்மா!"

மோட்டார் கொட்டகை வாசலில், தண்ணீர் விழும் தொட்டிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து குணசேகரன் நாற்றுமுடிகளைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். இருபது வருஷம் பம்போடேயே கிடந்த மனுஷன். மோட்டார் அலறுகிறது, தலை திரும்பவில்லை.

ஷோபனா கேனைப் போட்டுவிட்டு ஓடிப்போய் சுவிட்சை அணைத்தாள். கருகின நாற்றம் வந்தபிறகுதான் அவர் திரும்பினார்.

"காது கேக்கலியா உங்களுக்கு?"

ஆத்திரத்தில் கேட்டதுதான். இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை. அவள் வாயையே பார்த்தார், பிறகு குனிந்துகொண்டார்.

"எப்பலேர்ந்து?"

"இந்தப் பக்கம் வந்து சொல்லு" என்று வலது காதைக் காட்டினார். திரும்பச் சொன்னாள். "மூணு நாலு வருஷமா. போன்ல சவுண்ட ஏத்தினா கேக்குது. எதிர்ல பேசுனா வாய்தான் அசையுது."

"என்கிட்ட சொல்றதுக்கென்ன? தஞ்சாவூர்ல காட்டி மெஷின் வாங்கியிருக்கலாம்ல?"

"ஊருல செவிடன்னு பேரு வெப்பாங்க. அங்க பம்ப் சத்தத்துல எங்களுக்கெல்லாம் இப்படித்தான், கையாலயே பேசிக்குவோம். இங்க எதுக்குச் சிரிக்கிறேன்னு தெரியாமயே சிரிச்சுக்கிட்டு... உனக்குப் பாரமா எதுக்குன்னுதான், போயிடலாமான்னு."

அவள் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் மெதுவாகச் சொல்லவேண்டியவை. விளக்கை அணைத்தபிறகு, முகம் தெரியாமல் சொல்லவேண்டியவை. எதிரே வயல் நிறைய பொம்பளைகள்.

வலது காதருகே குனிந்து ஒருமுறை சொன்னாள்.

"ஆங்?" என்றார்.

அவளுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. மூச்சை இழுத்துக்கொண்டாள்.

"உங்கள ரொம்பத் தேடுச்சுங்க என் மனசு! வந்து இத்தன மாசம் ஆச்சு, இப்பவும் தேடுது! போவாதீங்க!"

நடவு வரிசை அப்படியே நின்றுவிட்டது.

"எங்களுக்கே கேட்டுடுச்சு" என்றாள் கண்ணாத்தாள். "அவருக்குக் கேக்காமலா போவும்! நடவப் பாருங்கடி, நாத்து காயுது."

சிரிப்பு வயல் முழுக்கப் பரவியது. ஷோபனா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். குணசேகரன் அவள் வாயைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"இன்னொரு தடவ சொல்லு."

"கேக்கலியா?"

"கேட்டுச்சு."

அவள் வாளியை அவர் பக்கம் நகர்த்தினாள். அவர் எழுந்து வாளியில் தண்ணீர் மொண்டு, காற்று வெளியேற பம்பின் வாயில் ஊற்ற ஆரம்பித்தார். பாதி ஊற்றியவர், காது கேளாதவர்கள் பேசுகிற அந்த உரத்த குரலில், வயலுக்கே கேட்கும்படி சொன்னார்:

"இந்த மோட்டாரு தாங்காது. ஐப்பசியில தாளடி நடவுக்குள்ள நானே மாத்திடறேன்."

அவள் கீழே உருண்டிருந்த டீ கேனை எடுத்து, மிச்சம் இருக்கிறதா என்று குலுக்கிப் பார்த்தாள்.