பித்தளை மீனின் எடை

ஈஸ்ட் டாமாக்கியில் ஓர் ஏலக் கிடங்கில் பொருட்பட்டியல் தயாரிப்பது என் வேலை. அன்று வந்த பெட்டியில் மேற்கு ஆப்பிரிக்கப் பித்தளை உருவங்கள் இருந்தன: மீன், தேள், பறவை. பழைய சீட்டில் 'பொம்மைகள்' என்றிருந்தது. பட்டியலின் எடைக் கட்டத்தை நிரப்பத் தராசில் வைத்தேன். மீனும் தேளும் ஒரே எடை. பறவை ஏறக்குறைய இரண்டு மடங்கு. தேடிப் பார்த்தேன். அங்கே அகான் இன வணிகர்கள் தங்கத்தூள் நிறுக்க வைத்திருந்த எடைக்கற்கள் அவை. தலைமுறைகளாக ஒரு சந்தையே நம்பிய கற்களை யாரோ சோம்பலில் விளையாட்டுச் சாமானாக்கியிருக்கிறார்.

"பொம்மை எண்டே விடுங்கோ தங்கச்சி. ஆர் கேக்கப்போயினம்?" என்றார் யாழ்ப்பாணத்து மேலாளர்.

"லண்டன் கடைக்காரன் எடைக்கல்லா இருந்தா பொம்மைன்னு போடுவீங்களா அண்ணா?"

"இண்டைக்கு அச்சுக்குப் போகோணும்."

"திருத்தாம ஃபைலை அனுப்ப மாட்டேன்."

அவர் முணுமுணுத்துக்கொண்டே அச்சகத்துக்குப் போன் செய்து, ஒரு மணி நேர அவகாசம் கேட்டார்.