அன்ஸாரின் மூச்சும் அரைத் தேசிக்காயும்

இடியப்ப உரலை அழுத்தும் கை பாதியில் நிற்கிறது. மாவு இழைகள் தட்டின் மேல் தொங்க, கைறுன்னிஸா தலையைச் சாய்த்து முன்னறைப் பக்கம் காது கொடுக்கிறாள். அங்கே கட்டிலில் கணவர் அன்ஸாரின் மூச்சு ஏறி இறங்குகிறது. சீராகத்தான் இருக்கிறது என்று தெரிந்த பிறகே கை மறுபடி அழுத்துகிறது. அதற்குள் இடியப்பம் ஓரிடத்தில் கட்டியாகிவிடும். நாவுல ஊரில் அவளிடம் இடியப்பம் வாங்குகிறவர்கள் அதைப் பெரிதாக எடுப்பதில்லை. பக்கத்து வீட்டு அபீபா மட்டும் அந்தக் கட்டியைத் தொட்டுக் காட்டி, "இது அன்ஸார் நானா மூச்சு வாங்கின இடம்" என்பாள். கைறுன்னிஸாவும் சிரிப்பாள். காது மட்டும் முன்னறையிலேயே இருக்கும்.

வயலின் இந்தக் கரையில் நின்று அந்தக் கரைக்குக் குரல் கொடுத்த மனிதர் அன்ஸார். பெரிய வெங்காயம் பயிரிட்டவர். சிறுநீரகங்கள் இரண்டும் தளர்ந்த பின் அவர் உலகம் ஒரு கட்டிலாகச் சுருங்கிவிட்டது.

மாத்தளை கிளினிக்கில் டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். உடம்பு ஓயாமல் அமிலத்தை உண்டாக்குகிறது. ஒரு பங்கை நுரையீரல் மூச்சாக ஊதித் தள்ளும்; மீதியைச் சிறுநீரகம் வடித்து வெளியேற்றும். சிறுநீரகம் சோர்ந்தால் இரத்தத்தில் அமிலம் கூடும். அப்போது நுரையீரல் ஆழமாக, வேகமாக ஊதி ஈடுகட்டப் பார்க்கும்.

கைறுன்னிஸா இதை ஊருக்கு வேறு மாதிரிச் சொல்வாள். "ஒரு வீட்டுல ரெண்டு மருமக. ஒருத்தி படுத்துட்டா மத்தவதான் எல்லாத்தயும் இழுக்கணும். பாவம், எத்தன நாளைக்கு இழுப்பா?" கேட்கும்போதே கண் நிறைந்துவிடும்.

ஆனால் அமிலம் என்றதும் அவள் மனதில் விழுந்தது புளிப்புத்தான். அன்றைக்கே, மீன் கறிக்குப் புளிப்பேற்றும் கொறக்காப் போத்தல் வீட்டைவிட்டுப் போனது. வாசல் தேசி மரத்தின் எலுமிச்சங்காய்கள் முழுக்க அபீபாவுக்கு. மீன் கறியும் தேங்காய்ப்பால் சொதியும் சப்பென்று ஆயின. புளிப்பை நிறுத்தியவள், தெம்புக்காக இறைச்சியைக் கூட்டினாள். நோன்பு மாதத்தில் நோன்பு பிடிக்க முடியாமல் கிடந்த மனிதருக்கு, கஞ்சியில் இறைச்சியை அள்ளி அள்ளிப் போட்டாள். அவர் முகத்தைத் திருப்பினாலும் "பிஸ்மி சொல்லிக் குடிங்க" என்று கோப்பையை வாயருகே பிடித்தாள்.

பெருநாள் முடிந்த கையோடு, படுத்த படுக்கையிலேயே அன்ஸார் மலையேறுகிறவர் போல மூச்சு வாங்கத் தொடங்கினார். ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினாள். என்ன சாப்பிட்டார் என்று டாக்டரம்மா விசாரித்தார். நாக்கில் புளிப்பது இரத்தத்தில் அமிலமாகத் தங்காது, இறைச்சிதான் அதைக் கூட்டும் என்றார். கைறுன்னிஸா சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

"என்ட கையாலயே ஊட்டினேனே."

கிளினிக் கட்டிலிலிருந்து, இரண்டு மூச்சுக்கு நடுவே அன்ஸார் சொன்னார்: "கஞ்சி நல்லம்தான். உப்புத்தான் கம்மி."

இப்போது இறைச்சி குறைந்துவிட்டது. அமிலத்தை அடக்கும் சோடா மாத்திரையைத் தவறாமல் விழுங்குகிறார். மூச்சும் தணிந்திருக்கிறது. சொதிக்குக் கொஞ்சம் தேசிப்புளி விடலாம் என்று டாக்டரம்மா சொல்லியும் அவளுக்குத் துணிவு வரவில்லை. தினமும் ஒரு காயை வெட்டுவாள், பார்ப்பாள், ஒதுக்கி வைப்பாள்.

இன்று காலை அவருக்கு இடியப்பம் பரிமாறிவிட்டுச் சொதியைக் கலக்கத் திரும்பினாள். முதுகுக்குப் பின்னால் மூச்சுச் சத்தம் நின்றது. அகப்பை கையிலிருந்து நழுவியது. பாய்ந்து திரும்பினால், அன்ஸார் கன்னங்களை உப்பி மூச்சை அடக்கிக்கொண்டு அவளையே பார்த்தபடி இருக்கிறார். கண் இரண்டும் சிரிக்கின்றன. அதிக நேரம் தாங்க முடியாமல் புஸ்ஸென்று விட்டார்.

"இன்னும் இங்கதான் இருக்கேன், கைறுன்."

அவள் ஒதுக்கி வைத்த அரைத் தேசிக்காயை எடுத்து, அவர் தட்டின் மேல் பிடித்து, விதையும் சேர்ந்து விழும்வரை பிழிந்தாள்.