ஒற்றிக்குப் போன கிணறு

குடும்பம் நடத்துவதை ஒரு தொழில் என்று யாரும் ஒத்துக்கொள்வதில்லை; சம்பளம் இல்லை, லீவு இல்லை, பென்சன் இல்லை, பிழை விட்டால் கேள்வி கேட்க மட்டும் ஊர் முழுக்க மேலதிகாரிகள். அதிலும் கடனைத் தலையில் வைத்துக்கொண்டு நடத்துகிறவளின் பாடு தனி. இதை வாசிப்பவர்களில் அந்தப் பாடு பட்டவர்கள் இருந்தால், உங்களுக்கு நான் எதுவும் விளக்கத் தேவையில்லை. படாத புண்ணியவான்களுக்காக, எங்கள் கடன் வந்த வழியை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் தீவுக் கிராமமான கரம்பொனில் எனக்குச் சீதனமாகக் கிடைத்தது ஒரு கல்வீடும் அதன் முன்வளவும். வளவில் கொஞ்சம் பனை, கொஞ்சம் தோட்ட நிலம், ஒரு நல்ல தண்ணீர்க் கிணறு. சுற்றிவரக் கடல் உள்ள தீவில் நல்ல தண்ணீர்க் கிணறு என்பது லேசான சீதனம் இல்லை. வீட்டின் பின்பக்கத்தில் இன்னொரு கிணறு இருந்தது. அது உவர், கால் கழுவத்தான் உதவும். என் கணவரின் தங்கைக்குக் கலியாணம் பொருந்தி வந்தபோது சீதனக் காசு போதவில்லை. முன்வளவைக் கிணற்றோடு சேர்த்துப் பக்கத்து வீட்டு நாகமுத்தருக்குப் பத்து வருஷ ஒற்றிக்குக் கொடுத்தோம். ஒற்றிக்கு வட்டி இல்லை. வட்டிக்குப் பதிலாகக் காசு தந்தவர் நிலத்தையும் பனையையும் கிணற்றையும் அனுபவிப்பார். வாங்கிய முதலைத் திருப்பிக் கொடுத்தால் வளவு திரும்பி வரும். உறுதிப் பத்திரத்தில் கையெழுத்து வைத்தவள் நான்தான். என் சீதனம் அல்லவா!

வேலிப் பொட்டு

உறுதி எழுதிய கிழமையே நாகமுத்தர் எங்கள் வீட்டுக்கும் முன்வளவுக்கும் நடுவே புது வேலி அடைத்தார். அதில் நான் நுழைந்து போகிற அளவுக்கு ஒரு திறப்பு, பொட்டு என்போம், விட்டிருந்தார். குடிக்கத் தண்ணீர் அள்ளலாம் என்பது பேச்சு. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவருடைய மனைவி பொன்னம்மாக்காவும் ஒருநாளும் முகம் சுளித்தவர் இல்லை. ஆனாலும் ஒவ்வொரு காலையும் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு பொட்டடியில் நின்று, "அக்கா, அள்ளட்டோ?" என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே போவேன். அவர் அடுப்படியில் இருந்து "ஓம்" என்பார். அந்த ஓம் வரும்வரைக்கும் நிற்கிற நேரம் கொஞ்சம்தான். அது எனக்குப் பெரிய நேரமாகத் தெரிந்தது.

என் மகள் வதனி அப்போது சின்னப் பிள்ளை. ஒருநாள் என் சேலையைப் பிடித்துக்கொண்டு கூட வந்தவள், பொட்டடியில் நான் நிற்க, தானும் நின்றாள். பிறகு எல்லாருக்கும் கேட்கிற மாதிரிக் கேட்டாள்: "அம்மா, எங்கட கிணத்தில அள்ளுறதுக்கு நீங்கள் ஏன் பயப்பிடுறீங்கள்?"

களைக்காத மிசின்

வெளிநாட்டு மிளகாய் வராமல் தடுத்த காலம் வந்தது. எங்கள் பக்கத்தில் செத்தல் மிளகாய் விலை ஏணி வைத்து ஏறியது. முற்றத்தில் பூக்கன்று வைத்திருந்தவர்கள்கூட அதைப் பிடுங்கிவிட்டு மிளகாய் நட்டார்கள். நாகமுத்தர் தண்ணீர் இறைக்கிற மிசின் ஒன்று வாங்கினார். முதலில் அதைத் தன் வீட்டுப் பக்கத் தோட்டத்தில் வைத்தார். அடுத்த போகத்துக்கு எங்கள் வளவுக்குக் கொண்டுவந்தார். ஏன் இடம் மாற்றினார் என்று எனக்கு அப்போது யோசிக்கத் தோன்றவில்லை.

துலாவில் இறைத்த காலத்தில் இறைக்கிற மனிதனுக்குக் களைக்கும். அவன் இருந்து வெற்றிலை போடுவான். அந்த நேரத்தில் கிணறு ஊறும். மிசின் வெற்றிலை போடாது. மத்தியானத்தில் எட்டிப் பார்த்தால் கிணற்றின் அடிக்கல் தெரிந்தது. மெல்ல மெல்லத் தேத்தண்ணீரில் ஒரு கரிப்பு வந்தது. சோறும் கரித்தது. மேலே உள்ள நல்ல தண்ணீரை உறிஞ்சி எடுத்தால் கீழே இருந்து கடல் ஏறும் என்பது தீவில் பிறந்த எவருக்கும் தெரியும். ஒற்றிக்காலம் இன்னும் பாதி கிடந்தது. அது முடியும்போது எனக்கு வளவு வரும், தண்ணீர் வராது. அன்றைக்கே நாகமுத்தரிடம் போய், இறைப்பைக் குறைக்கச் சொல்லிக் கேட்டேன். அவர் கோபிக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கோபம்.

"தவணை முடியுமட்டும் அது என்ர கிணறு, பிள்ளை. முந்தி வேணுமெண்டால் முழுக் காசையும் ஒருமிக்கக் கொண்டு வாரும், உறுதியைத் தாறன்."

காசுக்கட்டளை

என் கணவர் தெற்கே ஒரு பட்டணத்தில் நம் தீவார் ஒருவரின் கடையில் வேலை. தைப்பொங்கலுக்கும் கோயில் திருவிழாவுக்கும் வருவார். கிணற்றுச் சங்கதியை அவருக்கு எழுதினேன். பதிலுக்குக் கடிதம் வரவில்லை, வழமையைவிடக் கூடிய தொகைக்குத் தபாலில் காசுக்கட்டளை வந்தது. அடுத்த மாதமும் அப்படியே. கூடத் தங்கியிருந்தவர்களோடு எடுத்த அறையை விட்டுவிட்டுக் கடையிலேயே மூட்டைகளுக்கு நடுவில் படுக்கிறார் என்பது ஊருக்கு வந்த இன்னொருவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அந்த வருஷம் பொங்கலுக்கு அவர் வரவில்லை. திருவிழாவுக்கும் வரவில்லை. ரயில் காசும் காசுக்கட்டளையாகவே வந்தது.

நான் ஒப்பம் வைத்துக் காசை எண்ணிக்கொண்டிருக்க, தபால்காரர் சைக்கிளைத் திருப்பினார். ஏறப் போனவர் இறங்கி நின்று சொன்னார்: "காசு பிசகாமல் வருது அக்கா, ஆளைத்தான் காணேல்லை."

யன்னல்

செலவைக் குறைப்பது எப்படி என்று என்னிடம் கேளுங்கள். காலையில் பேக்கரிப் பாண் வாங்குவதை நிறுத்தினேன். ஒடியல் மாப் பிட்டு ஒருநாள், மரவள்ளி ஒருநாள். கோழி வளர்த்தேன், முட்டை முழுக்கக் கடைக்குப் போயிற்று. ஊர்ப் பிள்ளைகள் வான் வண்டி பிடித்துச் சாட்டிக் கடற்கரைக்குப் போன நாளில் என் பிள்ளைகளுக்குக் கண்ணில் நோய் என்று சொல்லிவிட்டேன். தீபாவளிக்குச் கூட்டுறவுச் சங்கக் கடையில் நீலக் கோடு போட்ட துணி மலிவாகக் கிடைத்தது. மொத்தமாக வாங்கினேன். வதனிக்குச் சட்டை, அவள் தம்பிக்குச் சேட், எனக்கு ஒரு பிளவுஸ். மிஞ்சியதில் தெருப்பக்க யன்னலுக்குத் திரை. என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

ஒரு கிழமை கழித்து வதனி பள்ளிக்கூடத்தால் வந்து புத்தகத்தை வைத்தாள். அழவில்லை. செய்தி சொல்வது போலச் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு வெகுநேரம் எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை.

"அம்மா, பள்ளிக்கூடத்தில இப்ப என்னை 'யன்னல்' எண்டுதான் கூப்பிடுகினம்."

இரண்டு காப்பு

ஆருடைய கலியாணத்துக்காகக் கிணறு போனதோ அந்த மச்சாள் ஒருநாள் ஊர்காவற்றுறையில் இருந்து பஸ் ஏறி வந்தாள். நான் அவளோடு முகம் கொடுத்துப் பேசி வெகுநாள். அவள்மேல் எனக்கு உள்ளுக்குள் ஒரு காய்ச்சல் இருந்தது. அவள் பிழை ஒன்றுமில்லை என்று தெரிந்தும் இருந்தது. குசினிக்குள் வந்து பலகையில் இருந்தாள். நான் தேத்தண்ணீர் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு என்னைப் பார்த்தாள். அந்தக் கரிப்பு அவளுக்கும் பிடிபட்டுவிட்டது. மிச்சத்தையும் வைக்காமல் குடித்தாள்.

பிறகு கையிலிருந்த காப்பு இரண்டையும் கழற்றிப் பலகையில் வைத்தாள். நான் வேண்டாம் என்றேன். உன் மனிசன் என்ன சொல்லுவார் என்று கேட்டேன். "அவருக்குச் சொல்லிப் போட்டுத்தான் வந்தனான்," என்றவள், காப்பை என் பக்கம் தள்ளினாள்.

"இது காப்பில்லை மச்சாள், இது உங்கட கிணறு."

பூத்து நின்ற மிளகாய்

காப்பையும் விற்றுக் காசு சேர்ந்துவிட்டது. அடுத்த தை மாதம் என் கணவர் வந்தார். கன்னம் ஒட்டிப்போய், சேட் தோளில் தொங்க, படலையில் நின்ற மனிதரைத் தம்பி யாரோ என்று பார்த்தான். நல்ல நாள் பார்த்தோம். வெற்றிலைத் தட்டில் காசை வைத்து, இருவருமாக நாகமுத்தர் வீட்டுக்குப் போனோம். அவர் தட்டைத் தொடவில்லை. கதிரையில் இருந்தபடி எங்கள் வளவைக் கை காட்டினார். மிளகாய்க் கன்று வெள்ளையாகப் பூத்து நின்றது.

பயிர் நிற்கிற நிலத்தை ஒற்றி மீட்கிற வழக்கம் எங்கள் ஊரில் இல்லை. பயிர் முடிய வேண்டும். இது பால்குடிப் பிள்ளைக்கும் தெரிந்த வழக்கம். என் கணவர் மீசை முளைக்கும் முன் கடைக்குப் போனவர், அவரை விடுங்கள். நான் ஒவ்வொரு காலையும் அந்தக் கன்றுகளுக்கு ஊடாகத்தான் குடத்தோடு போய் வந்தேன். காசைப் பார்த்த கண் பயிரைப் பார்க்கவில்லை. உறுதி எழுதிய நொத்தாரிசிடம் போனோம், அவரும் வழக்கம் நாகமுத்தர் பக்கம் என்றார். மிளகாய் ஒரே நாளில் அறுத்து முடிகிற பயிரும் இல்லை, பழுக்கப் பழுக்க மாதக் கணக்கில் ஆய்ந்து எடுப்பார்கள். என் கணவர் ரயிலேறிப் போய்விட்டார். காசு அலுமாரிக்குள் இருந்தது. வெளியே மிசின் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் என் நெஞ்சுக்குள் ஓடியது.

காசை உடைக்கக்கூடாது என்று நான் அலுமாரியைப் பூட்டித் திறப்பை இடுப்பில் முடிந்துவிட்டேன். பிள்ளைகள் அந்த அலுமாரியைச் சாமியறையைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார்கள். ஒரு பின்னேரம் கோழிக்கூட்டடியில் முட்டை பொறுக்கும்போது தம்பி பின்னால் வந்து நின்றான்.

"காசுதான் சேந்திட்டுதே அம்மா, இண்டைக்கு ஒரு முட்டையை விக்காமல் விடுவமோ?"

அவித்துக் கொடுத்தேன். அக்காவுக்குப் பாதி வைத்துவிட்டுத்தான் தின்றான்.

மீட்ட பிறகு

ஆவணியில் மிளகாய்க் கன்றைப் பிடுங்கினார்கள். அவர் மறுபடியும் லீவு எடுத்து வந்தார். நாகமுத்தர் காசை எண்ணி வாங்கினார், சொன்ன சொல் மாறாமல் உறுதியைத் தந்தார், மிசினை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். வேலியைப் பிடுங்கி அடுக்கிவிட்டு என் கணவர் வாளியை இறக்கி அள்ளினார். கையில் ஏந்திக் குடித்தார். வாளியை என்னிடம் நீட்டினார். உவர்.

நான் கிணற்றுக் கட்டில் இருந்து அழுதேன். யன்னலென்று கூப்பிடப்பட்ட பிள்ளையையும் மூட்டைக்கு நடுவில் படுத்த மனிதரையும் நினைத்து அழுதேன். அவர் அழவிட்டார். இனி இறைப்பு இல்லை, மாரி மழை இறங்கினால் திரும்பும், அதுவரைக்கும் ஒரு வாளிகூட அள்ளக்கூடாது என்றார். கிணற்று வாயில் பனையோலைத் தட்டி போட்டு மூடிவிட்டு அவர் வேலைக்குப் போனார். நான் என் கிணற்றைக் கடந்து, தெருக் கடந்து, கோயில் கிணற்றுக்குத் தண்ணீருக்கு நடந்தேன். முன்னையைவிடத் தூரம். அங்கே குடத்தோடு நின்ற ஒருத்தி என் காதில் விழவேண்டும் என்றே சொன்னாள்.

"இவ்வளவு பாடுபட்டு மீட்டது, மூடி வைச்சுப் பாக்கிறதுக்கோ?"

பொன்னம்மாக்கா

முதல் மாரி போயிற்று, கரிப்பு குறைந்தது, போகவில்லை. இரண்டாம் மாரி நல்ல மழை. அந்த இரண்டு வருஷமும் கோயில் கிணற்றுக்கு நான் போகும்போது பொன்னம்மாக்காவும் குடத்தோடு வருவார். அவர்கள் வீட்டிலும் குடிக்க எங்கள் கிணற்றைத்தான் நம்பியிருந்தார்கள். நாங்கள் பெரிதாகப் பேசிக்கொள்வதில்லை.

மழை விட்டு வெயில் எறித்த ஒரு காலை, முற்றம் கூட்டிக்கொண்டு நிமிர்ந்தேன். முன்பு பொட்டு இருந்த இடத்தில் பொன்னம்மாக்கா வெறுங்குடத்தோடு நின்றார். வேலியே இல்லை. எந்தப் பக்கத்தாலும் வந்திருக்கலாம். அவர் அந்த இடத்தில்தான் நின்றார். "அள்ளட்டோ, பிள்ளை?" என்றார். அந்த இடத்தில் நிற்கிற நேரம் எவ்வளவு பெரிது என்று எனக்குத் தெரியும். உடனே ஓம் என்றேன். தட்டியை விலக்கி நானே அள்ளி, முதல் தண்ணீரை அவர் கையில் வார்த்தேன்.

குடித்தார். கண்ணை மூடித் திறந்தார். "திரும்பி வந்திட்டுது, பிள்ளை," என்றார். நானும் குடித்தேன். நான் சின்னப் பிள்ளையில் குடித்த அதே தண்ணீர். சந்தோஷத்தில் நான் இன்னொரு வாளி அள்ளினேன். அவர் முகத்தில் மட்டும் சந்தோஷம் வரவில்லை. தன் வீட்டுப் பக்கம், மிசின் முதல் முதல் ஓடிய தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அங்க கிடக்கிறது என்ர சீதனக் கிணறு. இவர் அதை இறைச்சு உவராக்கிப் போட்டுத்தான் உம்மட கிணத்துக்கு வந்தவர். நீர் காசு குடுத்து மீட்டிட்டீர். நான் ஆரிட்டைக் குடுத்து மீக்கிறது?"

கடனைத் தவணைக்கு முந்தி அடைக்கக் கெட்டித்தனம் இருந்தால் போதும், தண்ணீர் தன் தவணைக்குத்தான் வரும், சில கிணறுகளுக்கு அந்தத் தவணையும் எழுதப்படுவதில்லை என்பதே இந்தச் சம்பளமில்லாத உத்தியோகத்தில் நான் பெற்ற ஒரே பென்சன்.