லீடரின் அறை

அவளுக்கு லீடர் என்று பெயர் வைத்தது நான்தான். ஐம்பது வயதிலும் அந்தப் பெயர் அவளை விட்டபாடில்லை. ஆயத்த ஆடை ஆலையில் துணி வெட்டும் பகுதிக்கு இப்போது அவள்தான் பொறுப்பு. நூறு மடிப்புத் துணியை நூல் பிசகாமல் வெட்டுகிறவள், அன்று எங்களைச் சாண் வைத்து அளக்கச் சொன்னாள்!

எட்டாம் வகுப்பில் லீடர், நான், தூங்குமூஞ்சி என்று நாங்கள் கூப்பிடும் இன்னொரு தோழி, மூன்று பேருக்கும் சேர்த்து ஒரு வேலை கொடுத்தார்கள். அட்டையில் ஒரு வீடு செய்ய வேண்டும். டீச்சர் கொடுத்த பலகையை லீடர் அளந்தாள். ஆறு சாண்.

"ஆளுக்கு ரெண்டு சாண். வீட்லயே செஞ்சு எடுத்துட்டு வந்துடுங்க."

ஹால் தூங்குமூஞ்சிக்கு, சமையலறை எனக்கு. படிக்கிற அறையை அவளே எடுத்துக்கொண்டாள். அவள் வீட்டில் ஐந்து பேருக்கும் சேர்த்து ஒரே அறை. கட்டிலுக்கு அடியில் தவழ்ந்து போய்த்தான் வீட்டுப்பாடம் எழுதுவாள். அட்டை அறைக்குக் கம்பியில் தாழ்ப்பாள்கூட வைத்திருந்தாள்.

"இத சாத்திட்டா யாரும் உள்ள வர முடியாது" என்று எனக்குப் போட்டுக் காட்டினாள். அவ்வளவு சந்தோஷமாக அவளை நான் பார்த்ததே இல்லை.

ஆளுக்கு ஆள் சாண் மாறும் என்பது மூன்று மண்டைக்கும் உறைக்கவில்லை. வகுப்பிலேயே பெரிய கை என்னுடையது. என் சமையலறையில் ஊருக்கே சமைக்கலாம். தூங்குமூஞ்சி வழக்கம்போலத் தூங்கிவிட, ஹாலைச் செய்தது அவளுடைய அண்ணன். இரண்டையும் பலகையில் வைத்ததும் லீடரின் கைக்கு மிஞ்சியது ஒரே ஒரு சாண்.

"அஞ்சு நிமிஷத்துல மேசைக்கு வரணும்" என்றார் டீச்சர்.

இரண்டிலும் அரைச் சாண் வெட்டியிருந்தால் போதும். கத்தரிக்கோல் என் கையில்தான் இருந்தது. ஆனால் ஜிகினாத்தாளில் இரண்டு நாள் உட்கார்ந்து குட்டிக் குட்டிப் பாத்திரங்கள் செய்திருந்தேனே.

"சமையலறை இல்லாம வீடா? உன் ரூம எடுத்துடலாம்" என்றேன். தூங்குமூஞ்சியும் தலையாட்டினாள்.

லீடர் அறையை இரண்டு கையாலும் தூக்கி பெஞ்சுக்கு அடியில் வைத்தாள். ஒற்றுமையாகச் செய்திருக்கிறோம் என்று டீச்சர் பாராட்டினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

போன மாதம் அவள் சொந்த வீடு கட்டிக் குடிபோனாள். நான் போனபோது கையைப் பிடித்து இழுத்துப்போய்ச் சுற்றிக் காட்டினாள். மகன் மருமகளுக்கு ஓர் அறை, மகளுக்கு ஓர் அறை.

"உன் ரூம் எங்கடி?"

"ஹால்ல காத்து நல்லா வரும். அங்கேயே படுத்துக்குவேன்."

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. "ஏன், கேட்டா குடுக்க மாட்டாங்களா?"

"குடுத்துடுவாங்க. அதான் கேக்கல" என்று சிரித்தாள்.

அன்றைக்கு வகுப்பிலும் அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வெட்டிக் கொடுத்திருப்பேனா? மனசாட்சியைத் தொட்டுச் சொன்னால், மாட்டேன்.