கிரேன்காரர் செல்வநாதன் வீடு ஒழித்த ஞாயிறு

மரப்பெட்டியைத் தூக்கி வாசலுக்கு வெளியே வைத்ததுதான் செல்வநாதனும் அவர் மகள் ஐரீனும் சேர்ந்து செய்த கடைசி வேலை. 1953, ஆகஸ்டு மாதம். ஞாயிறு ஆராதனை முடிந்து வந்ததும் ஆரம்பித்தார்கள். மூன்று மணிக்குள் வீடு ஒழிந்துவிட்டது.

ராயபுரத்துச் சந்து ஒன்றில் இரண்டு அறை வீடு. ஐரீனின் அம்மா தேவகிருபை இறந்து இரண்டு வருடமாகியும் அவள் சேர்த்தது எதுவும் இடம் மாறவில்லை. பிஸ்கட் தகரங்கள். கால் போன நாற்காலி. ஒரு சாக்கு நிறையக் கொட்டாங்கச்சி. நாற்பத்திரண்டில் ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணமே காலியானபோது கட்டிய நாலு மூட்டைகள், அன்று போட்ட முடிச்சுகூட அவிழாமல். நடக்க ஒரு முழம் பாதைதான் மிச்சம்.

ஒழிக்கலாம் என்று சொன்னது செல்வநாதன்தான்.

"காலைல எழுந்தா ஒரே பேஜாரா கீதும்மா. சட்டை ஒரு பக்கம், டிபன் டப்பா ஒரு பக்கம். எதையாச்சும் ஒதைக்காம வெளிய போவ முடியல. எல்லாத்தையும் தூக்கிப் போட்டா நிம்மதியா கெளம்பலாம்."

ஐரீனுக்கு நம்ப முடியவில்லை. இரண்டு வருடமாக அவள் கெஞ்சிக்கொண்டிருந்த விஷயம். ஆஸ்பத்திரி ஆய்வுக்கூடத்தில் ரத்தப் பரிசோதனைக்குப் பயிற்சி பெற்றவள். எதையும் அளந்து செய்தால்தான் திருப்தி. டேப்பை எடுத்து அளந்தாள்.

"கட்டில்லேர்ந்து வாசப்படி ஒம்போது அடி, நைனா. அதுக்கு நடுவுல ஒண்ணும் இருக்கக்கூடாது."

"ஓரத்துலயும் வோணாம்மா."

"ஓரத்துல இருந்தா இன்னா?"

"வோணாம். வெறும் சுவரா இருக்கட்டும்."

பக்கத்து வீட்டு காத்தூன் பீவி தகரங்களை வாங்கிப்போக வந்தாள். "இன்னா செல்வநாதா, பொண்ணு பாக்க வராங்களா? ஐரீனுக்கா, உனுக்கா?" என்றாள். ஐரீன் சிரித்தாள். செல்வநாதனும் சிரித்தார், ஆனால் காத்தூன் பீவியைப் பார்த்து அல்ல, கதவைப் பார்த்து. அவள் அதற்குள் ஜன்னல் பக்கம் நகர்ந்திருந்தது அவருக்குத் தெரியவில்லை.

அவருக்கு ஓரம் தெரிவதில்லை. அதுதான் அவர் மகளிடம் சொல்லாத காரணம்.

நேராகப் பார்த்தால் எல்லாம் துல்லியம். வேதப் புத்தகத்தின் பொடி எழுத்தைக் கண்ணாடி இல்லாமல் படிப்பார். இரண்டு பக்கமும்தான் இல்லை. இருட்டு என்றுகூடச் சொல்ல முடியாது; வெறுமனே இல்லை. போன கிறிஸ்துமஸுக்குக் கல்மண்டபம் போகும்போது சைக்கிள் ஒன்று ஆகாயத்திலிருந்து குதித்தாற்போல் முன்னால் வந்து நின்றது. ஓட்டியவன் வாய்க்கு வந்தபடி திட்டினான். மணியடித்துக்கொண்டே வந்தேன் என்றான். அன்று ஆரம்பித்த பயம். அப்போது இடது பக்கம் மட்டும். ஈஸ்டருக்குள் வலது பக்கமும் போனது. தினமும் கண் விழித்ததும், படுத்தபடியே எதிரிலுள்ள ஜன்னல் கம்பிகளை எண்ணுவார். மொத்தம் ஏழு. தலையைத் திருப்பாமல் பார்த்தால் ஜனவரியில் ஆறு தெரிந்தன. இப்போது மூன்று.

அவர் வேலை கிரேன் ஓட்டுவது. துறைமுகத்துக்கு வெளியே ஒரு பெரிய மரவாடியில் நீராவி கிரேன். இருபத்திரண்டு வருடம். அந்தமானிலிருந்து வரும் கட்டைகளை வேகனிலிருந்து எடுத்து அடுக்கவேண்டும். கீழே சங்கிலி மாட்டுகிறவன் உச்சிமாகாளி, திருநெல்வேலிப் பக்கத்துக்காரன், பதினோரு வருடக் கூட்டாளி. அவன் கையைத் தூக்கி "ஹபீஸ்" என்றால் கட்டை மேலே போகும். கையைத் தாழ்த்தி "ஆரியா" என்றால் இறங்கும். இன்ஜின் சத்தத்தில் குரல் கேட்காது. கைதான் பேச்சு.

வெளியே சொன்னால் வேலை போகும். ஆனால் அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. வாய் திறந்து சொல்வதற்குள் தன் கொக்கியின் கீழே ஒருவன் செத்துவிடுவான் என்ற பயம். காலையில் பல் துலக்கும்போது ஆரம்பித்து, சாயங்காலம் நெருப்பை அணைத்துவிட்டுக் கீழே இறங்கும்வரை அது கூடவே இருக்கும்; சோறும் இறங்காது. அப்படியென்றால் ஏன் சொல்லவில்லை? தினமும் நாளைக்குச் சொல்லலாம் என்றுதான் கிளம்பினார்.

திங்கட்கிழமை காலை வீடு அமைதியாக இருந்தது. ஆணியில் சட்டை. மேஜைமேல் டிபன் டப்பா. காபி குடித்துவிட்டு ஒன்பதடி நடந்தார். கால் எதிலும் இடிக்கவில்லை.

"பாத்தியா நைனா? பத்து நிமிஷம் மிச்சம்" என்றாள் ஐரீன். முகம் மலர்ந்திருந்தது.

படியில் இறங்கும்போதுதான் செல்வநாதனுக்கு அது உறைத்தது. நேற்றுவரை எதையாவது உதைத்தால் மகள் திரும்பிப் பார்ப்பாள். "கண்ணு எங்க கீது?" என்று கேட்பாள். என்றாவது ஒருநாள் அவளே கண்டுபிடித்துவிடுவாள், தன் வாயால் சொல்லவேண்டியிராது என்று உள்ளுக்குள் ஒரு நம்பிக்கை இருந்திருக்கிறது. இப்போது உதைக்க ஒன்றும் இல்லை. கண்டுபிடிக்கும் வழியைத் தானே மூடிவிட்டார்.

வீட்டில் பலித்ததை மரவாடியிலும் செய்து பார்த்தார்.

"தோஸ்து, இனிமே பக்கவாட்டுல நிக்காத. எனுக்கு நேரா நில்லு" என்றார் உச்சிமாகாளியிடம்.

"நேரா நிண்ணா கட்ட எந்தலைக்கு மேலல்லா வரும் அண்ணாச்சி?"

"நான் பாத்துக்கறேன்."

"பாத்துக்கிடுவீயளா? செத்துப்போனா எம்பொண்டாட்டிய யாரு பாத்துப்பா? அவ என்னயே பாக்க மாட்டேங்கா."

சிரித்துவிட்டு நேரே வந்து நின்றான். கிரேன்காரர் சொன்னால் கீழே நிற்பவன் கேட்பான். கேள்வி கேட்டுக்கொண்டிருந்தால் அந்த வேலை நடக்காது. பதினோரு வருடத்தில் செல்வநாதனின் கொக்கி ஒருவன் தலையையும் உரசியதில்லை. அந்தக் கணக்கை நம்பி நின்றான்.

செவ்வாய் நன்றாகப் போனது. அவர் பார்வையின் வட்டத்துக்குள் உச்சிமாகாளியின் கை தெளிவாகத் தெரிந்தது. புதன்கிழமை பதினோரு மணிக்கு, இரண்டு டன் கட்டை ஒன்று. கை மேலே போனது. தூக்கினார். திருப்பினார். கையையே பார்த்துக்கொண்டிருந்தவருக்குக் கட்டையின் வால் தெரியவில்லை. அது பக்கத்து அடுக்கில் இடித்தது. கட்டை சுழன்றது. அடுத்த நொடி வட்டத்துக்குள் கை இல்லை.

பிரேக்கை மிதித்தார். தலையை இடமும் வலமும் திருப்பித் தேடினார். கட்டைகள், மண், தண்டவாளம், ஒரு தலைப்பாகைத் துணி. ஆள் இல்லை.

"உச்சி!"

நீராவி சீறிக்கொண்டிருந்தது. கையை லீவரிலிருந்து எடுக்க முடியவில்லை. ஜெபம்கூட வரவில்லை.

"உச்சி! டேய்!"

இரண்டு அடுக்குகளுக்கு நடுவே குப்புற விழுந்திருந்த உச்சிமாகாளி மெதுவாக எழுந்தான். காதோரம் தோல் கிழிந்து ரத்தம். வேறு காயமில்லை. தலைப்பாகையை எடுத்து உதறிக்கொண்டு, ஏணியில் ஏறி கிரேன் கூண்டுக்கு வந்தான். செல்வநாதனின் காதுக்குப் பக்கத்தில் இரண்டு விரலை நீட்டினான்.

"இது எத்தன?"

"எது?"

உச்சிமாகாளி விரலை மடக்கினான்.

"எத்தன மாசமா அண்ணாச்சி?"

"கிறிஸ்மஸ்லேர்ந்து."

"எட்டு மாசம். எட்டு மாசமா எந்தலைக்கு மேல கட்டயத் தொங்கவிட்டுட்டு, காலைல வந்து காப்பி குடிச்சியான்னு கேட்டீரு."

"அடிச்சுடு தோஸ்து. ரெண்டு அடி அடிச்சுடு."

"அடிச்சா அதுவும் எந்தப் பக்கமிருந்து வருதுன்னு ஒமக்குத் தெரியாது." சொல்லிவிட்டு அவனே அழுதான்.

அன்றோடு செல்வநாதன் கிரேனிலிருந்து இறங்கினார். தலை சுற்றுகிறது என்று மேஸ்திரியிடம் சொல்லி, கட்டைகளுக்குச் சுண்ணாம்பால் நம்பர் போடும் வேலையை வாங்கிக்கொண்டார். இனி தன்னால் யாரும் சாகமாட்டார்கள். அன்று மாலை எட்டு மாதத்துக்குப் பிறகு முதல்முறையாகப் பசித்துச் சாப்பிட்டார். "இன்னா நைனா, இன்னொரு தோசையா?" என்று ஐரீன் ஆச்சரியப்பட்டாள். வீடு ஒழித்ததன் பலன் என்று நினைத்தாள்.

வியாழக்கிழமை உச்சிமாகாளி அரைநாள் லீவு போட்டு, எழும்பூர் கண்ணாஸ்பத்திரிக்குப் போய் விசாரித்துவிட்டு வந்தான். திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு வரச் சொன்னார்களாம். கண்ணில் மருந்து விடுவார்கள், தனியாகத் திரும்ப முடியாது, வீட்டிலிருந்து ஒருவர் கூட வரவேண்டும்.

"ஐரீன் பாப்பாகிட்ட நீரு சொல்லுதீரா, நான் சொல்லட்டா?"

"நான் சொல்றேன். அது ஆஸ்பத்திரில கீற பொண்ணு. இத்தினி நாள் நம்ம வூட்லயே வெச்சிக்கினு கண்டுபிடிக்கலயேன்னு ரொம்பக் கஷ்டப்படும். ஞாயித்துக்கெழம கோயில்லேர்ந்து வந்ததும் நானே பக்குவமா சொல்றேன்."

சனிக்கிழமை காலை பத்து மணி. சுண்ணாம்பு டப்பாவோடு தண்டவாளத்தைத் தாண்டினார். இன்ஜின் பின்னாலிருந்து தள்ளிய வேகன்கள் இடது பக்கத்திலிருந்து வந்தன. மெதுவாகத்தான் வந்தன. மூன்று பேர் கத்தினார்கள். எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் அவர் நேராகவே பார்த்துக்கொண்டு நின்றார் என்று சொன்னார்கள்.

ஞாயிறு மத்தியானம் சவப்பெட்டி வந்தது. வைக்க இடம் தேடவேண்டியிருக்கவில்லை. கூட்டம் முழுவதும் உள்ளேயே நிற்க முடிந்தது.

அடக்கம் முடிந்து எல்லோரும் போனபிறகு, காதோரம் கட்டுப் போட்டிருந்த ஒருவன் வாசலில் நின்றான். உள்ளே வரச் சொன்னாள் ஐரீன். வரவில்லை. நின்றபடியே, கிறிஸ்துமஸ் சைக்கிளிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொன்றாகச் சொன்னான். அவள் ஒவ்வொன்றையும் மனதில் குறித்துக்கொண்டாள். நாற்பத்தெட்டு வயது, இரண்டு கண்ணிலும் ஓரம் குறுகிக்கொண்டு வருவது, வலி இல்லாதது. பயிற்சியின்போது வகுப்பில் படித்த நோய். பெயர் உடனே ஞாபகத்துக்கு வந்தது.

"நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு வரச் சொல்லியிருந்தாவ" என்றான் உச்சிமாகாளி. "மவளக் கூட்டிட்டு வரணும்னு சொன்னாவ. ஒங்ககிட்ட அவரே இன்னைக்குச் சொல்லுதேன்னாரு."