மெடல் குத்திய கோட்டுக்குத் தாழ்ப்பாள் போட்ட நாள்

நம் கோயில் பங்கு மக்களுக்கு நெல்லித்தோப்பு ரோஸ்லின் எழுதுகிறேன். ஆண்டவருக்கு நன்றி சொல்லத்தான் வந்தேன். ஆனால் முதலில் என் பயத்தைச் சொல்ல வேண்டும். அதை மறைத்துவிட்டு நன்றியை மட்டும் சொன்னால் பாதிப் பொய் சொன்ன மாதிரி ஆகிவிடும்.

எங்கள் வீட்டை இன்றைக்கும் தெருவில் சொல்தா வீடு, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரர் வீடு, என்றுதான் சொல்வார்கள். என் கணவர் பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து, பான்சியோன் என்கிற ஓய்வூதியம் வாங்கி, இங்கே வந்து கண்ணை மூடியவர். அப்பா வழியிலேயே என் ஒரே மகன் சேவியரும் அந்த ராணுவத்தில் காலாட்படையில் சேர்ந்தான். நான் அழுதேன், திட்டினேன், ஒருநாள் சோறு போடாமல் கூடப் பார்த்தேன். "எனக்கு ஒண்ணும் ஆவாதும்மா, நீ ஜெபம் பண்ணிக்கினே இரு" என்று பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டு விமானம் ஏறிவிட்டான்.

போன வருடம் அவனுடைய ரெஜிமெண்ட்டை ஆப்பிரிக்காவில் ஒரு நாட்டுக்கு அனுப்பினார்கள். எந்த நாடு என்று எழுதக் கூடாது என்பது மகனின் கட்டளை. அங்கே உள்நாட்டுப் போர். ஒரே பாஷை பேசி, ஒரே சந்தையில் காய் வாங்கின ஜனங்கள் இரண்டாகப் பிரிந்து ஒருவரை ஒருவர் சுட்டுக்கொண்டிருந்தார்கள். நடுவில் நிற்பதுதான் இவர்கள் வேலை. நடுவில் நிற்கிறவனுக்கு இரண்டு பக்கமிருந்தும் குண்டு வரும் என்று தெரிந்துகொள்ள நான் ராணுவத்தில் இருந்திருக்க வேண்டியதில்லை.

ஞாயிறு பூசை முடிந்து நான் வீட்டுக்கு வந்ததும் போன் வரும். சாப்பிட்டேன், தூங்கினேன் என்பான். வேறு எதுவும் சொல்ல மாட்டான். அக்டோபரில் ஒரு ஞாயிறு பேசும்போது பின்னால் படபடவென்று சத்தம். என்னடா அது என்றேன்.

"பட்டாசும்மா."

"இன்னாடா, தீபாவளியா அங்க?"

அவன் சிரிக்கவில்லை. ஆற்றோரம் ஒரு சின்ன ஊர், அங்கே பள்ளிக்கூடத்துக்குள் ஜனங்கள் உயிருக்குப் பயந்து ஒதுங்கியிருக்கிறார்கள், அவர்களுக்குக் காவலாகத் தன் கூட்டத்தை அனுப்புகிறார்கள் என்று மட்டும் சொன்னான். அடுத்த ஞாயிறு போன் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. அந்த ஆற்றோர ஊரைச் சுற்றி வளைத்துவிட்டார்கள் என்று டி.வி.யில் சொன்னார்கள். டி.வி.யை அணைத்துவிட்டேன்.

பயம் என்றால் எப்படி என்று சொல்கிறேன். சோற்றைப் பிசைவேன், வாய்க்குப் போகாது. பெரிய மார்க்கெட்டில் மீன்காரம்மா மீனை வெட்டும்போது அந்தச் சத்தம் தாங்காமல் காசைக் கொடுத்துவிட்டு மீனை வாங்காமலே வந்துவிட்டேன். விசாரிக்கிறேன் பேர்வழி என்று சொந்தக்காரர்கள் விடாமல் போன் அடிப்பார்கள். "ஏதாச்சும் தெரிஞ்சுதா" என்று அவர்கள் கேட்கிற தோரணையே துக்கம் விசாரிக்கிற மாதிரி இருக்கும். ஒருநாள் போனை அணைத்து, பீரோவில் புடவைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டினேன். செய்தி வராவிட்டால் கெட்ட செய்தியும் வராது என்பது என் புத்திசாலித்தனம்.

இன்னொரு பயமும் இருந்தது. அது சொல்தா வீட்டுக்காரர்களுக்குத்தான் விளங்கும். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது எங்கள் எதிர்வீட்டுப் பிள்ளை வெளிநாட்டில் சண்டையில் செத்துப்போனான். அந்தச் செய்தியைச் சொல்லப் பழைய சொல்தாக்கள் கோட்டுப் போட்டு, மெடலெல்லாம் குத்திக்கொண்டு, தெரு முனையிலிருந்து மெதுவாக நடந்து வந்தார்கள். செத்தவனுக்குக் கொடுக்கிற மரியாதை அது. எதிர்வீட்டம்மா விஷயம் தெரியாமல், "வாங்க முசியே, எங்க கல்யாணமா?" என்று சிரித்துக்கொண்டே கதவைத் திறந்தாள். அந்தச் சிரிப்பை நான் இன்னும் மறக்கவில்லை.

நவம்பரில் நல்ல மழை. ஒருநாள் மத்தியானம் ஜன்னலோரம் உட்கார்ந்து ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தேன். தலையைத் தூக்கிப் பார்த்தால் தெரு முனையில் அந்துவான் மாமா வருகிறார். என் கணவரோடு ஒரே பட்டாளத்தில் இருந்தவர். கருநீலக் கோட்டு. நெஞ்சு முழுக்க மெடல். ஒரு கையில் குடை. எங்கள் வீட்டைப் பார்த்துத்தான் வருகிறார்.

எப்படி எழுந்தேன் என்று தெரியாது. கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். மேல் தாழ்ப்பாளும் போட்டேன். போதாதென்று முதுகைக் கொடுத்து நின்றேன். அவர் வாயைத் திறக்காத வரைக்கும் என் பிள்ளை உயிரோடு இருப்பான் என்று பைத்தியக்காரி மாதிரி நினைத்தேன்.

தட்டினார். "ரோஸ்லின்! எம்மா ரோஸ்லின்!" அதற்கு மேல் அவர் சொன்னது எதுவும் என் காதில் விழக் கூடாது என்று அருள்நிறை மரியே ஜெபத்தைத் தொண்டை கிழியக் கத்தினேன். அவரும் கத்தினார். நான் அவரைவிடச் சத்தமாகக் கத்தினேன். நடுவில் ஆண்டவரிடம் சண்டையும் போட்டேன். "உனக்கு ஒரே புள்ள, எனக்கும் ஒரே புள்ள. குடுத்துடு. கையில்லாம வந்தாலும் பரவால்ல, காலில்லாம வந்தாலும் பரவால்ல, குடுத்துடு." இதுதான் என் ஜெபம். இதில் பக்தி எதுவும் கிடையாது. பயம் மட்டும்தான்.

தட்டுவது நின்றது. போய்விட்டார் என்று மூச்சு விட்டேன். மனுஷன் போகவில்லை. பக்கத்துச் சந்து வழியாகப் பின்பக்கம் போய், சமையற்கட்டு ஜன்னல் கம்பிக்குள் கையை விட்டிருக்கிறார். அந்தக் கையில் அவருடைய போன். அதிலிருந்து ஒரு குரல்.

"அம்மா, கதவத் தொற. பாவம்மா, மாமா மழைல நிக்கிறாரு."

என் பிள்ளையின் குரல்.

தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். "உன் போன் இன்னாம்மா ஆச்சு? காலைலருந்து அடிக்கிறேன்" என்று அவன் கோபித்துக்கொள்கிறான். எழுந்து போய்க் கதவைத் திறந்தேன். முன்பக்கம் சுற்றி வந்த மாமாவின் கோட்டைப் பிடித்துக்கொண்டு அழுததில் மெடல் எல்லாம் என் கன்னத்தில் பதிந்துவிட்டது.

"இன்னிக்கு பதினொண்ணாந்தேதி ஆச்சேம்மா! பீச் ரோட்ல மாலை வெச்சிட்டு நேரா வர்றேன். இத மறந்துட்டியே!" என்றார்.

நவம்பர் பதினொன்று. முதல் உலக யுத்தத்தில் செத்தவர்களுக்குக் கடற்கரை நினைவுச் சின்னத்தில் மாலை வைக்கிற நாள். வருடா வருடம் என் கணவர் கோட்டுக்கு இஸ்திரி போட்டு மெடலைக் குத்திவிட்டவளே நான்தான். ஊரில் யார் மறந்தாலும் மறக்கலாம், நான் மறக்கலாமா? பயம் தேதியைக்கூடத் தின்றுவிட்டது. நான் போனை எடுக்கவில்லை என்றதும் சேவியர் மாமாவைக் கூப்பிட்டிருக்கிறான். அவர் வீட்டுக்குப் போய்க் கோட்டைக் கழற்றக்கூட நேரம் எடுத்துக்கொள்ளாமல் என்னிடம் ஓடிவந்திருக்கிறார். நான் கேட்ட வரம் என் வாசலில் நனைந்துகொண்டு நின்றது. நான் அதற்குத் தாழ்ப்பாள் போட்டிருந்தேன்.

அங்கே நடந்ததை லீவில் வந்தபோதுதான் சேவியர் சொன்னான். பள்ளிக்கூடத்துக்குள் குடிக்கத் தண்ணீர் தீர்ந்துவிட்டது. மதிலுக்கு வெளியே கலகப் படை. உள்ளே வரப்போகிறோம் என்று கூச்சல். கூட இருந்தவன் ஒருவன் தோளில் குண்டு பட்டுக் கிடந்தான். "நான் ரொம்ப பயந்துட்டேம்மா" என்றான். அவன் வாயிலிருந்து அந்த வார்த்தை அதுவரை வந்ததே இல்லை.

அந்தக் கூச்சலில் ஒரு குரலை உள்ளே ஒதுங்கியிருந்த ஒரு தாய் அடையாளம் கண்டுகொண்டாள். அவளுடைய மகன் குரல். அவனை அந்தப் படை முன்பே பிடித்துக்கொண்டு போய்க் கையில் துப்பாக்கியைத் திணித்திருந்தது. தான் வெளியே போய் அவனிடம் பேசுகிறேன் என்றாள். அதிகாரி கூடாது என்றார். அவள் கேட்கவில்லை. பக்கவாட்டுக் கதவைத் தானே திறந்து, மகனைச் செல்லப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே துப்பாக்கிகளுக்கு நேராக நடந்தாள். சுடுகிற சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியதாம். அவள் அங்கே என்ன பேசினாளோ, ரொம்ப நேரம் யாரும் சுடவில்லை. அதற்குள் ரெஜிமெண்ட்டின் மற்ற ஆட்கள் ஆற்று வழியாக வந்து எல்லோரையும் மீட்டுவிட்டார்கள். நான் கதவுக்குப் பின்னால் நின்று கெஞ்சினேனே, அதற்கு முந்தின நாளே இதெல்லாம் நடந்து முடிந்திருக்கிறது.

அந்த அம்மா திரும்பி உள்ளே வரவில்லை. மகனோடு போனாளா, என்ன ஆனாள், யாருக்கும் தெரியாது. பெயரும் தெரியாது.

என் பயம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். சேவியர் இன்னும் ராணுவத்தில்தான் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை போன் வரும்வரை இப்போதும் நான் சாப்பிட உட்காருவதில்லை. ஆனால் போன் பீரோவில் இல்லை, மேசைமேல் இருக்கிறது. மேல் தாழ்ப்பாளை ஆசாரியைக் கூப்பிட்டுக் கழற்றிவிட்டேன். பயந்தவளுக்கும் ஆண்டவர் பதில் கொடுக்கிறார், நான் அதற்குச் சாட்சி. உங்களுக்கும் பயம் இருந்தால் அந்தப் பயத்தோடேயே அவரிடம் கேளுங்கள். கேட்டுவிட்டுக் கதவை மட்டும் சாத்திக்கொள்ளாதீர்கள்.

எங்கள் வீட்டு ஜெபமாலையில் இப்போது இரண்டு பிள்ளைகள். ஒருவன் சேவியர். மற்றவன், பள்ளிக்கூட மதிலுக்கு வெளியே துப்பாக்கியோடு நின்ற பிள்ளை. அவன் பெயர் தெரியாததால் அந்த அம்மாவின் மகன் என்று சொல்லித்தான் கேட்கிறேன். இன்றைக்கு உங்கள் வீட்டு ஜெபத்திலும் அவனைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த அம்மாவும் உயிரோடு இருந்தால், எங்கேயோ ஒரு கதவுக்குப் பின்னால் அவனுக்காகக் காத்துக்கொண்டிருப்பாள்.